தாப்பா ரோட்டில் கொடுத்த மருந்து

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். சங்கத்துச் செயலாளர் போன மாதமே சொல்லிவிட்டார், ஜொகூருக்குப் போவதற்கு முன்னால் புதிதாக வரும் இரண்டு டிரைவர்களுக்கும் நாலு வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போடா என்று. நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருந்த வரையிலும் ஆசிரியர்கள் என் பெயரைக் கூப்பிட்டது வெளியே போய் நிற்கச் சொல்லத்தான். "டீசலை முதல் நாளே ஊற்றிவிடுங்கள், வளைவில் ஹாரன் அடியுங்கள்" என்று ஒரே வரியில் முடித்து நழுவிவிடலாம் என்று பார்த்தேன்.

ஆனால் இந்த வேனில் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு வாரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

எனக்கு வயது இருபத்தெட்டு. ஏழு வருடம் வேன் ஓட்டிவிட்டு ரிட்டையர் ஆகிறேன். சிரிக்காதீர்கள். அடுத்த மாதம் முதல் கண்டெய்னர் லோரி. கண்டெய்னர் அழாது, பாட்டுப் போடச் சொல்லாது, "மாமா, இன்னும் எத்தனை வளைவு" என்று கேட்காது.

நம் வேன் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே தானா ராத்தா மருத்துவமனையில் பார்க்க முடியாத நோய் வந்தால், கோலாலம்பூரில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம். வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அது தெரியாவிட்டால் உங்களைச் சங்கம் எடுத்திருக்காது. எடுத்திருந்தால் கடவுள் காப்பாற்றட்டும்.

முதலில் டாக்டரம்மாவைப் பற்றி. பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளுக்குக் கல்லீரல் மாற்றுகிற அறுவை டாக்டர். ஆள் குட்டை. ஆபரேஷன் அறையில் ஒரு பலகை போட்டு அதன் மேல் ஏறித்தான் நிற்பாராம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், "இப்பவே எடுத்துர்றேன் டாக்டர், அஞ்சு நிமிஷம்லா" என்று சாவியைத் திருகினேன். அவர் வண்டியை எடுக்கச் சொல்ல வரவில்லை. கேள்வி கேட்க வந்திருந்தார்.

எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள், வழியில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், அம்மா தூங்கிவிட்டால் மருந்தை யார் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். ரோட்டுக்கு வரி போடப் போகிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்:

"வெட்டித் தைக்கிறது ஒரு நாள் வேலை. அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அந்த ஈரல் வருஷக்கணக்கா எங்க இருக்கு? எங்கிட்ட இல்ல. தோட்டத்து லைன் வீட்டுல இருக்கு, ஸ்கூல்ல இருக்கு, உங்க வேன்ல இருக்கு. அங்கதான் கெட்டுப்போகுது. ஏன்னு எனக்குத் தெரியல. இப்ப அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கேன்."

ஆராய்ச்சி என்றால் எலியும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இவர் வேன் டிரைவரிடம் வந்து நின்றார்.

அன்றைக்கே மருந்தைப் பற்றியும் சொன்னார். வேறு ஒருவருடைய கல்லீரலை வைத்தால் பிள்ளையின் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையை அடக்கத்தான் மருந்து. காலை எட்டு, இரவு எட்டு. எட்டு என்றால் எட்டு. வாழ்நாள் முழுவதும்.

"புது மருமக மாதிரி சொல்லுங்க," என்றேன். "மாமியார் அடங்கி இருக்கணும்னா வீட்டுல பெரியவங்க ஒருத்தர் எந்நேரமும் உட்கார்ந்திருக்கணும்."

அவருக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு புதிதாக வருகிற பெற்றோரிடம் எல்லாம் மாமியார், மருமகள் என்றே விளக்கினாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்பேசியில் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்தேன். வேனில் ஈரல் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். நான் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. வினை அங்கேதான் தொடங்கியது.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோஷினி என்று ஒரு பிள்ளை. இப்போது ஏழு வயது. பித்தம் இறங்குகிற குழாய் சரியாக இல்லாமலே பிறந்தவள். கைக்குழந்தையிலேயே கண் மஞ்சள். லைன் வீடுகளில் பாதிப் பேர் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் வெயிலில் காட்டச் சொன்னார்கள். கேமரனில் வெயிலுக்கு எங்கே போவது? இரண்டு வயதில் டாக்டரம்மா அவளுக்குக் கல்லீரல் மாற்றினார். கொடுத்தது அவள் அம்மா, பூங்கொடி அக்கா. தேயிலை ஃபேக்டரியில் வேலை. தன் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு அம்மா ஒரு அறையில், பிள்ளை ஒரு அறையில். நடுவில் நாற்காலி போட்டு லோஷினியின் அப்பா சேகர் அண்ணன் உட்கார்ந்திருந்தாராம். கொழுந்து வெட்டுகிற மெஷின் பிடிக்கிற முரட்டுக் கை அவருக்கு. அந்த நாளுக்குப் பிறகு மருத்துவமனை வாசலையே மிதிப்பதில்லை. கிளினிக் என்றால் அக்காதான் வருவார். நான் கீழே வேனில் படுத்திருப்பேன். மாடியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு கிளினிக் நாள். அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். வேறு வழியில்லாமல் சேகர் அண்ணன் வந்தார். அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று மருந்துப் பையை அவர் கையில் கொடுத்து மூன்று தடவை சொன்னார். அவர் மூன்று தடவை தலையாட்டினார். தோட்டத்து மேனேஜரிடம் அண்ணன் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் லீவு.

விடியும் முன்பே கிளம்பினோம், ஆனால் ரிங்லெட் தாண்டி இறங்குகிற தாப்பா ரோட்டில் மண் சரிந்திருந்தது. மூங்கில் புதரோடு சேர்த்து மலை ரோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு முன்னால் முட்டைக்கோஸ் லோரிகள், பின்னால் டூரிஸ்ட் பஸ். மண் வெட்டுகிற மெஷின் கீழே இருந்து வர வேண்டும் என்றார்கள். மணி ஏழு ஆனது, ஏழரை ஆனது. நான் லோஷினிக்கு லோரி டிரைவர்களைக் காட்டி ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு என் அலாரம் அடித்தது.

"அண்ணே, எட்டாச்சு. மருந்து."

சேகர் அண்ணன் பையைத் திறந்து மூடினார். "கிளினிக் நாள்ல ரத்தம் எடுத்த பொறவுதான்னு அவ சொன்னா தம்பி."

"அது எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்தாண்ணே. இங்க பாருங்க, மண்ணு கூட அள்ளல. போய்ச் சேர பதினொண்ணு ஆயிடும். டாக்டரம்மா என்கிட்டயே சொன்னாங்க, எட்டுன்னா எட்டு. லேட்டாச்சுன்னா மாமியார் எழுந்திருச்சிரும்."

அவர் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. ஆனால் உரக்கப் பேசியவன் நான். டாக்டரோடு பேசிப் பழகியவனும் நான்தான். அவர் செல்பேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த வளைவில் லைன் கிடைக்கவில்லை. எட்டேகாலுக்குச் சின்ன சிரிஞ்சியில் மருந்தை அளந்து பிள்ளை வாயில் விட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணனுக்கு மருத்துவமனை வாசனைக்கே முகம் வெளுத்துவிட்டது, அதனால் நானும் கூட மாடிக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற மலாய் நர்ஸ் மிஸ்ஸி லோஷினியின் கையைத் தடவிக்கொண்டே, மருந்து இன்னும் கொடுக்கவில்லைதானே என்று மலாயில் கேட்டார். அவர் தலைக்கு மேல் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: ரத்தம் முதலில், மருந்து பிறகு.

அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்து போன பிறகு ரத்தம் எடுத்தால் கணக்கு தப்பாகக் காட்டும். அதற்காகத்தான் அக்கா மூன்று தடவை சொல்லியிருக்கிறார். சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். கொடுத்துவிட்டோம் என்று சொன்னால் இன்றைக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள், நாளைக்கு மறுபடியும் இந்த ரோடு, அண்ணனுக்கு லீவு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, தப்புச் செய்தது நான் என்று ஆகிவிடும்.

"பெலும் லா மிஸ்ஸி," என்றேன். இன்னும் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு நன்றாக வரும்.

லோஷினி நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் வேன்லயே குடிச்சிட்டேனே," என்றாள், தெளிவாக, தமிழில். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. சமர்த்து என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஊசியைப் போட்டார்.

அதோடு முடிந்ததா? ரத்தம் எடுத்த பிறகு மிஸ்ஸி ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டி, இப்போது மருந்து கொடுங்கள் என்றார். கொடுத்தால் இரண்டு தடவை ஆகிவிடும். அண்ணன் சிரிஞ்சியில் மருந்தை இழுத்தார். பிள்ளைக்கு அவசரமாக டாய்லட் போகணும் என்று சொல்லி இரண்டு பேரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த மருந்தை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டோம். ஒரு பொய்யை மூட இன்னொன்று. லோஷினி கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மதியம் சேகர் அண்ணன் கூப்பிட்டார். கிளினிக்கிலிருந்து அக்காவுக்கு போன் வந்திருக்கிறது. ரத்தத்தில் மருந்து ரொம்பக் கூடுதலாக இருக்கிறதாம். அப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும், அதனால் இன்றிலிருந்து பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாள் கழித்துத் தானா ராத்தாவில் மறுபடி ரத்தம்.

"கூடுதலா இல்லை தம்பி. நாம கொடுத்ததுதான் அப்படிக் காட்டுது. கொறச்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமியாரை அடக்கிவைத்திருக்கிற பெரியவரைப் பாதி நாள் வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரி. ஆனால் நான் சொன்னது, "டாக்டருங்களுக்குத் தெரியாததாண்ணே, அவங்க பாத்துக்குவாங்க."

"அவகிட்ட மட்டும் சொல்லிராத தம்பி. அவ வயித்துல இருக்கிற தழும்பப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்."

அக்கா ஒழுங்கான மனுஷி. சிரிஞ்சியில் பழைய அளவுக்கு நகப்பாலிஷில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாராம். புது அளவுக்கு இன்னொரு கோடு போட்டார். டாக்டர் சொன்னதைச் சொட்டுப் பிசகாமல் செய்தார். நாங்கள் சொன்ன பொய்யை அவர் கையாலேயே தினமும் இரண்டு வேளை பிள்ளைக்கு ஊட்டினார்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்பேசியில் அலாரம் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிஞ்சிதான் கண்ணில் வந்தது. இப்போது பாதிதான் போகும், இப்போதும் பாதிதான் போகும். அலாரத்தை எடுத்துவிட்டேன். எட்டு மணி மட்டும் தப்பாமல் தெரிந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை சாயங்காலம், பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், பாசார் மாலாமில், அவர்களைப் பார்த்தேன். அக்கா சோளம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். லோஷினி ஸ்ட்ராபெரி குச்சியோடு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிறகு பார்த்தால், அந்தக் கடையில் தொங்கிய பல்பே மஞ்சள். சோளம் மஞ்சள், அக்கா முகம் மஞ்சள், என் கை மஞ்சள். அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று கடை தள்ளி, வெள்ளை விளக்குப் போட்டிருந்த போன் கவர் கடைக்குப் போனேன். பேய்க்கண் போட்டி என்று சொல்லி அவள் கண்ணை அகலமாகத் திறக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள், கண் மூடிக்கொண்டது. மறுபடி திறக்கச் சொன்னேன். வெள்ளையாக இருக்கிற மாதிரி இருந்தது. ஓரத்தில் லேசாக வேறு நிறம் இருக்கிற மாதிரியும் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் கவர் வாங்கப் போகிறாயா இல்லையா என்று கேட்டார்.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். முதல் நாளே எனக்கு அவர் நம்பர் கொடுத்திருந்தார். மிரட்டினாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாஷ்பேசின் உட்பட.

அவர் திட்டவில்லை. நான்கு கேள்வி கேட்டார். வேனில் கொடுத்தது எத்தனை மணிக்கு. ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு. எந்த வேளையிலிருந்து குறைத்தீர்கள். இன்றிரவு மருந்து கொடுத்தாகிவிட்டதா. இல்லை, இன்னும் எட்டாகவில்லை என்றேன்.

"இன்னிக்கு எட்டு மணிக்குப் பழைய அளவு. நாளைக்குக் காலையில மருந்து கொடுக்காம நேரா என்கிட்ட கொண்டு வாங்க."

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு டாக்டரம்மா. அப்படின்னா ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

"கண்ணு கடைசியாத்தான் மஞ்சளாகும். அதைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா நேரம் போயிரும். இதை அம்மாகிட்ட யாரு சொல்றது, நானா, நீங்களா?"

நான் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரிந்தது.

அக்கா வீடு திரும்பிய பின்னாலேயே போய், அவர்கள் லைன் வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தியபோது ஏழரை. சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நின்றபடியே கேட்டார். கையில் அந்தச் சிரிஞ்சி இருந்தது. நான் முடித்ததும் கத்துவார், செருப்பை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் புருஷனைப் பார்க்கவே இல்லை.

"என் வயித்தக் கிழிச்சுக் கொடுத்தது தம்பி அது. பொய் சொல்லி வெளாட உனக்கு என் ஈரல்தான் கெடச்சுச்சா?"

சத்தமே இல்லாமல் கேட்டார். பிறகு மேல் கோடு வரைக்கும் மருந்தை இழுத்து, மணி பார்த்து, எட்டு ஆகும் வரை அந்தச் சிரிஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் வேனில் யாரும் பேசவில்லை. லோஷினிதான் நடுவில் ஒரு தடவை, மாமாவுக்கு வாய் வலியா என்று கேட்டாள்.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். ஈரல் அளவுகள் ஏறியிருக்கின்றன, உடம்பு சண்டையைத் தொடங்கிவிட்டது என்றார். வார்டில் சேர்த்து மூன்று நாள் ஊசி வழியாக மருந்து போட வேண்டும். அடங்காவிட்டால் என்று சேகர் அண்ணன் கேட்டார். வேறு மருந்து இருக்கிறது என்றார். அதிலும் அடங்காவிட்டால் என்று யாரும் கேட்கவில்லை. பூங்கொடி அக்காவிடம் கொடுப்பதற்கு இன்னொரு துண்டு கிடையாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நான் ஊர் திரும்பவில்லை. சங்கத்துக்குச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். இரண்டாம் நாள் மதியம் டாக்டரம்மா வேனுக்கு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. வேறு நாளாக இருந்தால் பலகை கொண்டுவரவா என்று கேட்டிருப்பேன்.

பயப்படுவீர்களா டாக்டரம்மா என்று கேட்டேன். சொன்னார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பாப்பா. எல்லாம் முடிஞ்சு மூடப் போறோம். ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்ல விரல வச்சேன். துடிப்பு கொஞ்சம் கம்மி மாதிரி இருந்துச்சு. மாதிரிதான். என் பெரிய டாக்டர் காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்தவர், கையுறையக் கழட்டிட்டார். இன்னொரு தடவ பாருங்கன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? மறுநாள் ஸ்கேன்ல தெரிஞ்சுரும்னு விட்டுட்டேன். மறுநாள் குழாய் அடைச்சிருந்துச்சு."

"பாப்பா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் வாயைத் திறந்திருந்தா அவர் திட்டியிருப்பார். அவ்வளவுதான். ஒரு திட்டு. அதுக்குப் பயந்தேன்."

 

பிறகு அவர் நோட்டை எடுத்தார். "இப்ப சொல்லுங்க. மிஸ்ஸி கேட்டப்ப உண்மையைச் சொல்ல விடாம உங்களப் பிடிச்சு வச்சது எது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

ரோடு, அண்ணனுடைய ஒரு நாள் லீவு, மறுநாள் மறுபடி வர வேண்டியது, என் வெட்கம், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, மிஸ்ஸி என்ன வார்த்தையில் கேட்டார் என்று கேட்டார். "இன்னும் கொடுக்கலதானே" என்று கேட்டார் என்றேன். அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார். "அப்படிக் கேட்டா இல்லைன்னுதான் வாயில வரும்," என்றார், எனக்கு இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அந்த வார்டில் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "கடைசி மருந்து எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். ரோடு அடைத்துக்கொண்டால் அன்றைக்கு ரத்தம் எடுக்காமலே பிள்ளையைப் பார்த்து அனுப்புகிறார்கள், ரத்தத்தை வேறொரு நாள் தானா ராத்தாவிலேயே கொடுத்துவிடலாம். டாக்டரம்மாவின் ஆராய்ச்சியில் வேறு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. இது வந்தது.

மூன்றாம் நாள் அளவுகள் இறங்கத் தொடங்கின. மேலும் நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். லோஷினி நன்றாக இருக்கிறாள், வாய் மட்டும் ரொம்ப நீளம். ஆனால் ஒரு தடவை சண்டை போட்ட உடம்பு அதை மறக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அவள் இருமினால் எனக்குக் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்க்காமல் ஓட்ட முடியாது.

பூங்கொடி அக்கா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். கிளினிக் நாளில் வேனில் ஏறியதும், எல்லோர் முன்னாலும், "டாக்டர் தம்பி, இன்னிக்கு மருந்து எப்ப குடுக்கலாம், நீங்களே சொல்லுங்க," என்பார். வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஆகவே தம்பிகளா, பெற்றவர்களுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மருந்தைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரியும் என்று தோன்றினால், அந்த நேரத்தில் செல்பேசியை எடுத்து லைன் கிடைக்கிற இடம் வரைக்கும் நடங்கள். தாப்பா ரோட்டில் நான் அன்றைக்கு இருநூறு அடி நடந்து அடுத்த வளைவுக்குப் போயிருந்தால் அக்காவே எடுத்திருப்பார். நடக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தேன். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். ஐந்தாம் நாள் சொன்னது எனக்கு ஏதோ வீரம் மாதிரி சங்கத்தில் சிலர் பேசுகிறார்கள். அந்த நான்கு நாளும் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போனது.

எழுதியதை அப்படியே கொடுக்க வெட்கமாக இருந்தது. உங்கள் இருவரில் ஒருவனான பாலா என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன், என்னைவிட ஒரு வகுப்புக் கூடுதலாகப் படித்தவன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, ரோடு பழக ஒன்றிரண்டு தடவை வேனைத் தனியாக எடுத்துப் போயிருக்கிறான். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அவனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது:

"மச்சான், போன புதன் திரும்பி வரும்போது வேன்ல இருந்த ஈரல் பையன் மருந்து குடிச்ச கையோட அத்தனையும் வாந்தி எடுத்துட்டான், நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல, டாக்டரம்மா நம்பர உடனே அனுப்பு."